நர்ஸம்மாவைத் தேடி: ஐந்து நாள் குறிப்புகள்

முதல் நாள்: திண்டிவனம்

ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இந்த வாரம் ஐம்பது வயது நிறைகிறது. அதற்காக லீவு கேட்டபோது, "அங்க உங்க சொந்தக்காரங்க யாராவது டாக்டரா இருக்காங்களா?" என்று ஆபீசில் கேட்டார்கள். யாரும் இல்லை. என் அம்மா இன்றைக்கும் உயிரோடு இருப்பது அந்த நிலையத்தால். அதற்கு மேல் எனக்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

1983, ஐப்பசி மாதம். எனக்கு ஆறு வயது. இரண்டாவது பிரசவத்துக்காக அம்மா பாட்டி ஊருக்கு வந்திருந்தார். தம்பி நல்லபடியாகப் பிறந்துவிட்டான். ஆனால் அம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. நான் நிலையத்தின் வராந்தாவில் பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழை. உள்ளே பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். அப்புறம் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்து ஜீப்பில் ஏற்றினார்கள். நர்ஸம்மாவின் வலது கை அம்மாவின் அடிவயிற்றை அழுத்திக்கொண்டிருந்தது. அந்தக் கையை எடுக்காமலே, இடது கையால் கம்பியைப் பிடித்து ஜீப்பில் ஏறினார். அந்த இரவில் எனக்கு மறக்காமல் நிற்பது அந்தக் கைதான்.

வேலூர் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்துவிட்டு, அம்மா அங்கிருந்தே அப்பாவுடன் சென்னைக்கு வந்துவிட்டார். அடுத்த வருடம் பாட்டி போய்ச் சேர்ந்தார், நிலத்தையும் விற்றாகிவிட்டது. நாங்கள் யாரும் அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை. பழைய ஊழியர்களை எல்லாம் விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தூரத்து மாமா ஒருவர் போன மாதம் போனில் சொன்னார். அம்மாவுக்கு இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. ஒரு கைத்தறிச் சேலையை என்னிடம் கொடுத்து, "அவங்க இருந்தா குடு. இல்லேன்னா அவங்க பிள்ளைங்க கையில குடு" என்றார்.

சென்னையிலிருந்து வேலூருக்கு நேர் ரயில் இருக்கும்போது திண்டிவனம் சுற்றுவழிதான். தெரிந்தேதான் வந்தேன். பின்னாளில் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை நிறுவிய அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் இளம்பெண்ணாக இருந்தபோது, உடம்பு சரியில்லாத தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள இந்த ஊருக்கு வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் ஓர் இந்து. மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிக் கிடந்தது. ஐடாவின் அப்பா டாக்டர். ஆனால் ஓர் ஆண் வந்து பிரசவம் பார்க்க மூவரும் சம்மதிக்கவில்லை. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

அந்த வீட்டைத் தேடிக்கொண்டு நான் வரவில்லை. இந்த ஊரில் ஓர் இரவு விழித்திருந்து பார்க்க வேண்டும் என்று பல வருடமாக ஆசை, அவ்வளவுதான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்திருக்கிறேன். இதை எழுதும்போது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. இதுவரை இரண்டு தடவை 108 வண்டியின் சைரன் கேட்டது. தமிழ்நாட்டில் அந்த வண்டி ஓட ஆரம்பித்தது 2008-ல். அந்தச் சத்தம் கேட்டால் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். இன்றைக்கு எனக்கு ஆறுதலாக இருந்தது.

இரண்டாம் நாள்: வேலூர்

வந்தவாசி, ஆரணி வழியாக பஸ். பாதி வழி தூங்கிவிட்டேன்.

ஐடா ஸ்கடர் பிறந்தது ராணிப்பேட்டையில், 1870-ல். திண்டிவனத்து இரவுக்குப் பிறகு அமெரிக்கா போய், கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1899-ல் மருத்துவப் பட்டம் வாங்கினார். 1900-ல் வேலூருக்கு வந்து ஒற்றைக் கட்டில் போட்டு வைத்தியம் ஆரம்பித்தார். இரண்டே வருடத்தில் 40 படுக்கை ஆஸ்பத்திரி. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி. இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது அந்த 1918. தன் இரண்டு கை போதாது என்று புரிந்துகொண்டு, இந்த ஊர்ப் பெண்களையே டாக்டராக்கக் கிளம்பினாரே, அது.

சாயங்காலம் அந்த ஆஸ்பத்திரி வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். வங்காளம் பேசும் குடும்பங்கள் கையில் பைலோடு கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள்! அம்மாவுக்கும் இந்த ஊரில்தான் நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அதில் அப்பா கொடுத்தது ஒன்று. மற்ற மூன்றும் முகம் தெரியாதவர்கள் கொடுத்தது. அந்த மூன்று பேரைத் தேடிப் போகவும் வழியில்லை. இன்று காலை இங்கே ஒரு ரத்த வங்கியில் நானும் ஒரு யூனிட் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள்: குடியாத்தம் சாலை

இன்றைக்கு இந்தச் சாலையைப் பார்ப்பதற்காகவே ஒரு நாளை ஒதுக்கினேன். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடி ஐடா போன சாலை இது. முதலில் மாட்டு வண்டி. 1909-ல் ஒரு பியூஜோ கார் வந்தது. குறித்த நாளில் குறித்த மரத்தடியில் வண்டி நிற்கும், அதற்குள் ஜனம் சேர்ந்திருக்கும். புண்ணுக்குக் கட்டு, கண்ணுக்கு மருந்து, தொழுநோயாளிகளுக்கு வைத்தியம், எல்லாம் மரத்தடியிலேயே. வேறு யாரும் தொடத் தயங்கியவர்களுக்கு நடுரோட்டில் எல்லோரும் பார்க்கக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஊர்க்காரர்களுக்கும் அது ஒரு பாடமாக இருந்திருக்கும்.

வழியில் கீ.வ.குப்பத்தில் இறங்கி ஒரு மணி நேரம் நடந்தேன். அதே வேலூர் கல்லூரி 1977-ல் இந்த வட்டாரத்தில் ஒரு கிராமிய சுகாதாரத் திட்டத்தை ஆரம்பித்தது. மருத்துவத்தோடு பிழைப்பு, படிப்பு, விவசாயம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். அடுத்த வருடம், 1978 செப்டம்பரில், அன்றைய சோவியத் யூனியனில் இருந்த அல்மா ஆட்டா நகரத்தில் உலக நாடுகள் கூடி ஆரம்ப சுகாதாரம்தான் அடிப்படை என்று அறிவித்தன. அல்மா ஆட்டா எங்கே, கீ.வ.குப்பம் எங்கே. இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே யோசனை நடந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது.

அரசாங்கத்தின் வழி தனி. சர் ஜோசப் போர் என்பவர் தலைமையிலான குழு 1946-ல் கொடுத்த அறிக்கையிலிருந்து அது தொடங்குகிறது. 1952 முதல் நாடெங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வர ஆரம்பித்தன. இன்றைய கணக்குப்படி சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம், மலைப் பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று. அதற்குக் கீழே 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று. காகிதத்தில் வெறும் எண்ணாகத் தெரியும். மலையில் எண்ணிக்கையைக் குறைத்து வைத்தவர் யாரோ, அவர் அந்த ஏற்றத்தில் ஒரு தடவையாவது நடந்து பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து பள்ளிகொண்டா வந்து, மலைப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். ஊருக்குள் நுழையும்போது இருட்டிவிட்டது. மாமா வீட்டில் படுக்கை. நாளைக்கு விழா.

நான்காம் நாள்: நிலையத்தில்

வராந்தா மாறவில்லை! நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் போட்டிருக்கிறார்கள், தூண்கள் அதேதான். ஒரு தூணில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பின்பக்கம் புதுக் கட்டடம், பிரசவ அறை, ஆய்வகம் எல்லாம் வந்திருக்கின்றன.

மேடைப் பேச்சுகளை விட்டுவிடுகிறேன். அதிகாரிகள் முடித்த பிறகு, "யாராவது நாலு வார்த்தை சொல்லணும்னா சொல்லலாம்" என்றார்கள். அங்கேதான் விழாவே தொடங்கியது. ஒரு பெரியவர் எழுந்து, ஆறு மாதம் விடாமல் மாத்திரை கொடுத்து தன் காசநோயைக் குணப்படுத்தியதைச் சொன்னார். "ஒரு நாள் போகலைன்னா சாயங்காலம் வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. அப்ப கோவம் வரும்" என்றவர், அதற்கு மேல் பேச முடியாமல் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு பாட்டி நாய்க்கடியைப் பற்றிப் பேசினார். சின்ன வயதில் அவருக்கு வயிற்றில் பதினான்கு ஊசி, ஒவ்வொன்றுக்கும் டவுனுக்குப் போக வேண்டும். பேரனைப் போன வருடம் நாய் கடித்தபோது இங்கேயே கையில் நாலு தடவை ஊசி போட்டு முடித்துவிட்டார்கள். "எனக்கு இதுக்கு மேல என்ன வேணும்" என்றார். கைதட்டல் அடங்கவில்லை.

இந்த நிலையம் திறந்த 1975-ல்தான் இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். 2014-ல் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. இரண்டுக்கும் நடுவில் எத்தனை பேர் எத்தனை திண்ணை ஏறி இறங்கியிருப்பார்கள்.

இப்போதைய கிராம சுகாதார செவிலியர் ஒருவர் தடுப்பூசிப் பெட்டியைத் திறந்து காட்டினார். சின்னச் சின்னக் குப்பிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு சதுரம். சதுரம் வெளிறியிருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது. சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்த மருந்தைத் தொடக்கூடாது. "மலை ஏறும்போது பாதி வழியில ஒரு தடவை பார்த்துக்குவேன் அக்கா" என்றார். அரிசி மணி அளவுக்கு ஒரு சதுரம். ஒரு குழந்தைக்குப் போகும் மருந்து உயிருள்ளதா என்று அதுதான் சொல்கிறது. அதைக் குனிந்து பார்க்கப் பொறுமை உள்ள ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்.

பிரசவ அறையில் இளம் டாக்டர் ஒரு நீல நிற உடையை எடுத்துக் காட்டினார். கணுக்காலிலிருந்து வயிறு வரை பட்டை பட்டையாகச் சுற்றி இறுக்கி ஒட்ட வேண்டும். வயிற்றுப் பட்டையில் ஒரு பந்து மாதிரி வைத்துத் தைத்திருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்காதவர்களுக்கு இதைப் போட்டுத்தான் வண்டியில் ஏற்றுகிறார்கள். கால் பக்கத்து ரத்தம் மேலே இதயத்துக்கும் மூளைக்கும் போய், பெரிய ஆஸ்பத்திரி சேரும்வரை தாங்கும். அந்தப் பந்தை அழுத்திப் பார்த்தேன். நர்ஸம்மாவின் கை இருந்த இடம்! டாக்டரிடம் 1983 கதையைச் சொன்னேன். 2018-20 கணக்கின்படி தமிழ்நாட்டில் உயிருடன் பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள், நாடு முழுக்கப் பார்த்தால் 97 என்றார். "அந்த 54-ம் ஆகக் கூடாது மேடம்" என்று அவர் சொன்ன விதத்தில் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது.

நர்ஸம்மா வரவில்லை. ஆம்பூரில் மகள் வீட்டில் இருக்கிறாராம், நீண்ட நேரம் உட்கார முடியாதாம். மனசு உடைந்துபோயிற்று. அப்போதுதான் பழைய மருந்தாளுநர் ஒருவர், "1983-ஆ? இருங்க" என்று கண்காட்சி மேஜைக்கு அழைத்துப் போனார். கண்ணாடி சிரிஞ்சுகள், ஊசி வேகவைக்கும் பாத்திரம், குழந்தையைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் தராசு, இவற்றுக்குப் பக்கத்தில் காலிக்கோ அட்டை போட்ட பிரசவப் பதிவேடுகள். கரையான் அரிக்காமல் ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றியது அவர்தான்.

ஐப்பசி என்றால் அக்டோபர், நவம்பர். விரலை வைத்துத் தேடினோம். இருந்தது. அம்மாவின் பெயர், அப்பாவின் பெயர், வயது 26, இரண்டாவது பிரசவம், இரவு 9.40, ஆண், 2.9 கிலோ. குறிப்பு என்ற கட்டத்தில் சாய்ந்த எழுத்தில்: "அதிக ரத்தப்போக்கு. வேலூர் அனுப்பப்பட்டது. உடன் சென்றேன்."

அதற்கு அடுத்த கட்டம் தாயின் நிலை. அந்தப் பக்கத்தில் மேலேயும் கீழேயும் எல்லா வரியிலும் "நலம்" என்று இருக்கிறது. அம்மாவின் வரியில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். டாக்டர் இரண்டு வெள்ளைத் தாளை எடுத்து மற்ற பெண்களின் வரிகளை மேலும் கீழும் மறைத்துப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் வரியை மட்டும் எடுத்தேன்.

ஐந்தாம் நாள்: ஆம்பூர்

காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். நர்ஸம்மா ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தி நாலு வயது. சின்ன உருவமாக இருந்தார். என் நினைவில் அவர் மிக உயரமானவர்.

கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "எத்தனையோ பிரசவம் பாத்தேன் கண்ணு. நீ சொல்றது ஞாபகத்துல வரலையே" என்றார். அவருக்கும் அது வருத்தமாக இருந்தது தெரிந்தது. போனை எடுத்து அந்த வரியைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். "என் எழுத்துதான்." விரல் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து, கடைசியில் அந்த வெறுங்கட்டத்தில் நின்றது.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "அப்ப அந்தம்மா பொழச்சுக்கிச்சா?" என்று கேட்டார்.

நாற்பத்தி இரண்டு வருடமாக அவருக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒரு கடிதம் போடத் தோன்றவில்லை. நான் அழுதுவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை.

அப்புறம் ஒவ்வொன்றாக அவருக்கு ஞாபகம் வந்தது. ஊசி போட்டும் கேட்கவில்லையாம். "கர்ப்பப்பை சுருங்கினா கையில உருண்டையா கல்லு மாதிரி தட்டுப்படும். சுருங்கலைன்னா பிசைஞ்ச மாவு மாதிரி இருக்கும். தேய்ச்சுவிட்டா இறுகும், கையை எடுத்தா மறுபடி தளரும். அதான் எடுக்கலை." ஜீப் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முழங்காலை இருக்கையில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். நாற்பது கிலோமீட்டர். வேலூரில் அம்மாவை ஒப்படைத்ததும் ஜீப் வேறு வேலைக்குப் போய்விட்டது. ரத்தக்கறைப் புடவையோடு விடியும்வரை பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தார். பூ விற்கும் பெண் ஒருவர் தோளில் போர்த்திக்கொள்ள ஒரு துண்டு கொடுத்தாராம். அந்தப் பெண்ணின் முகம் இவருக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நாலாம் நாள் மாற்றல் ஆர்டர். குழந்தையும் வீட்டுக்காரர்களும் வேலூரில். போய் வந்து சொல்ல ஆளில்லை, நிலையத்தில் போன் இல்லை. பதிவேட்டை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்.

"எல்லா வரிக்கும் எழுதியிருக்கேன், இதை மட்டும் வெறும விட்டிருக்கேன் பாரு. தெரியாம நலம்னு எழுதக்கூடாதில்ல."

அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அம்மா திரையைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினார். பேச்சு வரவில்லை. நர்ஸம்மாவும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். சேலை அவர் மடியில் இருந்தது. எத்தனை நேரம் அப்படி இருந்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

முதலில் பேசியது நர்ஸம்மாதான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"கண்ணு வெளுத்த மாதிரி இருக்கே. ரத்தம் எவ்வளவு இருக்கு? கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"போன மாசம் பார்த்தாங்க நர்ஸம்மா. பத்தரை."

"பத்தரையா? பத்தாதே. கீழ்க் கண்ணிமையை இழுத்துக் காட்டுங்க, பார்க்கலாம்."

சென்னையில் என் அம்மா விரலால் இமையை இழுத்து, போன் கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.